பித்தளைப் புத்தரும் விளக்கிய கைகளும்

நாம் ஆசிரியப் பணி புரியும் மடுல்கெல்லையில், சென்ற வெசாக் பண்டிகைக்குத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் கூடி ஒரு சிறு பந்தல் அமைத்தனர். அயலிலுள்ள சிங்களப் பாடசாலையொன்றின் சரித்திர ஆசிரியர், நமது நீண்டநாள் நண்பர், பந்தலில் வைப்பதற்கெனத் தமது வீட்டுப் பித்தளைப் புத்தரை ஒரு மாலைப்பொழுதில் நம்மிடம் ஒப்படைத்துச் சென்றார். ஒரு சாண் உயரமுள்ள படிமம். தியான நிலையில் அமர்ந்தது. சீவர மடிப்புகள் நீரலைபோல வரிவரியாக ஓடின. அவருடைய பாட்டனார் காலத்திற்கு முன்பிருந்தே அக்குடும்பத்தில் இருந்து வருவதாம். நாள்பட்ட கருமை படிந்து, சாயம் ஊறிய பழைய மரத்தைப்போல் தோற்றமளித்தது. "கொஞ்சம் துடைத்து வையுங்கள்" என்று மாணவரிடம் சொல்லிவிட்டு நாம் வீடு திரும்பினோம். அச்சொல்தான் வினையாயிற்று.

மறுநாட் காலையில் புத்தர் பொன்னாக ஒளிர்ந்தார். பழம்புளியில் இரவு முழுவதும் ஊறவைத்து, சாம்பலும் செங்கற்பொடியும் கலந்து, தேங்காய் நாரால் தேய்த்திருக்கிறார்கள். அவ்வேலைக்குத் தலைமை தாங்கியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவியொருத்தி. அவளுடைய தாயார் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்பவர். பித்தளை துலக்குவது அவர்கள் வீட்டில் கைவந்த வித்தை. பாராட்டை எதிர்பார்த்து எல்லோரும் நின்றிருந்தனர். நண்பர் வந்தார். படிமத்தைக் கையில் எடுத்தார். "நல்லா மின்னுது, சேர்" என்றார். பின்னர் ஜன்னலருகே சென்று, வெளிச்சத்தில் அதை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் எதைத் தேடுகிறார் என்பது நமக்குச் சற்று நேரங்கழித்தே விளங்கியது. நுண்ணிய இரு கோடுகளாகக் கீறப்பட்டிருந்த கண்கள் அங்கு இல்லை.

குற்றம் நம்முடையதே, பிள்ளைகளுடையதன்று. அதனை ஈடுசெய்ய இயலாதெனினும், நிகழ்ந்தது என்னவென்பதையாவது அறிந்துகொள்ள வேண்டுமென்ற உந்துதலால், ஆனந்த குமாரசுவாமியின் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலை மீண்டும் எடுத்து வாசித்தோம். பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த நாட்களில் அதன் அழகில் மயங்கியிருக்கிறோம். இம்முறை வேறொரு மனநிலையில் வாசிக்க நேர்ந்தது. தமிழில் 'விளக்குதல்' என்னும் சொல் பாத்திரத்தைத் துலக்குவதையும் குறிக்கும். ஒரு பொருளை எடுத்துரைப்பதையும் குறிக்கும். பித்தளைப் படிமத்தை விளக்கியவர்களுள் குமாரசுவாமிக்கு நிகரானவர் அரியர். ஆனால் அவர் விளக்கியதிலும் ஏதோவொன்று தேய்ந்து மறைந்திருக்கிறது என்பதே நமது துணிபு.

முதலில், படிமம் எதைக் குறிக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். புத்தருக்கு உருவம் அமைப்பது தொடக்கத்தில் வழக்கிலில்லை. பார்கூத்திலும் சாஞ்சியிலும் பழைய சிற்பிகள் அவரிருக்க வேண்டிய இடத்தில் வெற்றாசனத்தையும் அரசமரத்தையும் தருமச்சக்கரத்தையும் அடிச்சுவடுகளையுமே செதுக்கினர். உருவம் பின்னர் வந்தது. வந்த பின்னரும் பௌத்த மரபு அதற்கு வழங்கிய இடம் மிக அடக்கமானது. வழிபாட்டிற்குரிய நினைவுப்பொருள்களை அம்மரபு மூவகையாகப் பிரிக்கிறது. உடலின் எச்சமாகிய தாது சாரீரிகம். அவர் பயன்படுத்திய பாத்திரம், அமர்ந்த போதி மரம் போன்றவை பாரிபோகிகம். அவரை நினைவூட்டும் பொருட்டு ஆக்கப்படும் படிமம் உத்தேசிகம். இறுதி வகையாகிய படிமம், அவர் தொட்டதுமன்று, அவரும் அன்று. ஒரு ஞாபகக்குறி மாத்திரமே.

அந்த ஞாபகக்குறிக்குள் உள்ள குறியீடுகள் பலவற்றை மாணவரும் அறிவர். மடிமேல் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கும் உள்ளங்கைகள் தியானத்தையும், உயர்த்திய வலக்கை அபயத்தையும், நிலத்தைத் தொடும் விரல்கள் போதி பெற்ற இரவையும் சுட்டும். தலையின் உச்சியில் எழும் தீச்சுடர் ஞானத்தைக் குறிக்கும். இலங்கைப் படிமங்களில் இது தனிச்சிறப்பாக அமைந்த உறுப்பு. நீண்டு தொங்கும் வெறுங்காதுகளைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூடுதலாகச் சொல்லத் தோன்றுகிறது. அரசகுமாரனாக அணிந்த கனத்த குண்டலங்களால் இழுபட்டு நீண்ட காதுகள் அவை. குண்டலங்கள் கழற்றி எறியப்பட்டுவிட்டன, துளைகள் எஞ்சின. செல்வத்தைத் துறந்தவனின் உடலிலும் செல்வம் விட்டுச்சென்ற வடு இருக்கிறது என்பதை ஒரு சிற்பி இதைவிடச் சிக்கனமாகச் சொல்லிவிட முடியாது. எமது தோட்டங்களில் தண்டட்டியோ பாம்படமோ அணிந்து காது வளர்த்திருந்த முதிய பெண்களைக் கண்டவர்களுக்கு இக்குறியீட்டிற்குப் பொழிப்புரை வேண்டியதில்லை.

கண்களின் கதையோ வேறு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைக்கைதியாக வாழ்ந்து தப்பியோடிய ஆங்கில மாலுமி இரொபேட் நொக்ஸ், 1681-ல் வெளியான தம் நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். கண்கள் அமைக்கப்படும்வரை புத்தர் படிமம் தெய்வமாகக் கொள்ளப்படுவதில்லையாம். சாதாரண உலோகக் கட்டியாகக் கருதப்பட்டு, பட்டறைக்குள் ஏனைய தட்டுமுட்டுகளோடு அங்குமிங்கும் எறியப்பட்டுக் கிடக்குமாம். கண் அமைக்கும் வேளை வந்ததும், முதலில் பேசிய கூலிக்கு மேலாகக் கம்மியனுக்கு நல்ல வெகுமதி அளிக்க வேண்டுமாம். கண் அமைந்தபின் அது தெய்வம். மேளதாளத்தோடு பட்டறையிலிருந்து புறப்பட்டுவிடும். நொக்ஸ் பௌத்தத்தை மதித்தவரல்லர். அவருடைய சொற்களில் ஏளனம் உண்டு. ஆனால் ஏளனம் செய்பவன் சில வேளைகளில் பக்தன் கவனிக்காததைக் கவனித்துவிடுகிறான். கூலிப் பேச்சை அவர் கவனித்தார். தெய்வத்திற்கும் உலோகத்திற்கும் இடையிலுள்ள எல்லைக்கோட்டில் ஒரு தொழிலாளி நின்று, தன் உழைப்பின் விலையைச் சற்றே உயர்த்திக் கேட்கிறான். அக்கோட்டைத் தாண்டிவிட்டால் அவனுக்குப் பேச்சில்லை.

இந்தக் கண் திறக்கும் சடங்கை, நேத்திர மங்கல்யத்தை, குமாரசுவாமி விரிவாக வருணிக்கிறார். பொழுது புலர்வதற்கு முன்னர் அது நடைபெறும். கம்மியன் படிமத்தின் முகத்தை நேருக்கு நேர் நோக்குவதில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தே கண்ணை எழுதுவான். எழுதி முடித்ததும் அவனுடைய கண்கள் கட்டப்படும். வெளியே அழைத்துச் செல்லப்பட்டுக் கட்டு அவிழ்க்கப்படும்போது, அவனுடைய முதற்பார்வை அழிக்கப்படத்தக்க ஏதேனும் ஒரு பொருளின்மேல் விழவேண்டும். அப்பொருளை அவன் வாளால் வெட்டுவான். குமாரசுவாமியின் நடை இவ்விடத்தில் மிக அழகாக இருக்கிறது. சடங்கின் புனிதத்தை நமது நெஞ்சிலும் பதியவைத்துவிடுகிறார். ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வியை அவர் கேட்கவில்லை. தெய்வத்திற்குக் கண் கொடுத்தவனுடைய கண் எதனால் ஆபத்தான கண்ணாயிற்று?

பட்டறையை விட்டு நீங்கி ஊருக்குள் வந்தால் விடையின் ஒரு பகுதியாவது கிடைக்கும். பொன், வெள்ளி, இரும்பு, பித்தளை வேலை செய்தோர் சிங்களச் சமுதாயத்தில் நவந்தன்ன என்னும் சாதியில் அடக்கப்பட்டிருந்தனர். நிலவுடைமைச் சாதியாகிய கொவிகமவிற்குக் கீழே அவர்களுக்கு இடம். 1753-ல் சியாம் நாட்டிலிருந்து உபாலி தேரர் கண்டிக்கு வந்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் உயர் துறவுநிலையை மீண்டும் நிறுவினார். மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆட்சிக்காலம் அது. அவ்வாறு தோன்றிய சியாம் நிக்காயத்தின் உபசம்பதா விரைவிலேயே கொவிகம சாதியாருக்கு மட்டும் உரியதாக வரையறுக்கப்பட்டது. பிற சாதியினர் பர்மாவுக்குக் கப்பலேறிச் சென்று துறவு பெற்றுத் திரும்பி, 1803-ல் அமரபுர நிக்காயத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஆகவே கண்டியில் புத்தரை வார்த்தவனுடைய மகன், தந்தை வார்த்த அந்தப் படிமத்தின் முன் அந்த விகாரையின் பிக்குவாக அமர முடியாது. பிறப்பால் எவனும் உயர்ந்தவனல்லன் என்று போதித்தவரின் உருவத்தைச் செய்வதற்குப் பிறப்பையே தகுதியாக வைத்த சமுதாயம் அது. கண்கட்டு ஒரு சடங்கு. அந்தச் சடங்கிற்குள் ஒரு சமுதாய உறவும் இருக்கிறது.

குமாரசுவாமி இதனை அறியாதவரல்லர். அவருடைய நூலின் துணைத்தலைப்பே, சமுதாய அமைப்பைப் பற்றியும் கம்மியரின் நிலையைப் பற்றியும் கூறுவதாக வாக்களிக்கிறது. கலைநூல் எழுதுவோர் மன்னனின் பெயரோடு நின்றுவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், கம்மியன் எந்த நிலத்தை எந்தச் சேவைக்காக அனுபவித்தான், அரசனின் பட்டறைகள் எவ்வாறு பிரிக்கப்பட்டிருந்தன, மெழுகு உருவின்மேல் மண்ணை எவ்வாறு பூசினார்கள் என்றெல்லாம் தேடி எழுதியவர் அவர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்து, பாறைகளைத் தேடி மலைநாடெங்கும் அலைந்தபோது, உடன்வந்த மனைவி எதெல் நிழற்படம் எடுக்க, இவர் பட்டறைத் திண்ணைகளில் அமர்ந்து கேட்டுக் கேட்டு எழுதினார். யாழ்ப்பாணத் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்த ஒருவர் சிங்களக் கம்மியரின் வரலாற்றை எழுதினார் என்பது இன்றைய இலங்கையில் ஒருமுறைக்கு இருமுறை உரத்துச் சொல்லத்தக்க செய்தி. அவர் இட்ட அடித்தளத்தின்மேல் நின்றுகொண்டுதான் நாம் அவரைக் குறை காண்கிறோம்.

குறை இதுதான். குலத்தொழில் முறையை அவர் கலையைக் காத்த அரணாகக் கண்டார். கம்மியனுக்கு நிலம் இருந்தது, பசியில்லை, சந்தையின் அவசரமில்லை, தந்தையின் கைத்திறம் மகனின் கைக்கு இடையறாது வந்தது, ஆகவே கலை தழைத்தது என்பது அவர் வாதம். ஆங்கில ஆட்சியும் வாணிபமும் அதனை அழித்தன என்பதும் அவர் வாதம். பின்னதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. 1815-ல் கண்டி வீழ்ந்தது. 1832-ல் இராஜகாரிய முறை, விகாரை தேவாலய நிலங்கள் நீங்கலாக, ஒழிக்கப்பட்டது. 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் தரிசுகளையும் முடிக்குரியவையாக்கியது. அவை கோப்பித் தோட்டங்களாக மாறின. கம்மியனைப் போஷித்த அரசவையும் போயிற்று, காடும் போயிற்று. அந்தக் கோப்பிக்காகத்தான் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நம் முன்னோர் நடத்தி வரப்பட்டனர். மடுல்கெல்லையின் மலைச்சரிவுகள் அப்போது கோப்பியாக இருந்தன, பின்னர் தேயிலையாயின. கண்டியின் பித்தளைக் கம்மியனும் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆனால் ஒரே சட்டப்புத்தகத்தின் அடுத்தடுத்த பக்கங்களில் இருப்பவர்கள்.

முன்னதில்தான் நாம் மாறுபடுகிறோம். நிலத்தைக் கொடுத்த ஏற்பாடே நிலத்தோடு கட்டியும் போட்டது. மகன் தந்தையின் கைத்திறத்தைப் பெற்றான். வேறெதையும் பெற அவனுக்கு வழி விடப்படவில்லை. பெயரை அழித்துக்கொண்டு மரபுக்குள் கரைந்துபோவதைக் கலைஞனின் உயர்ந்த நிலையாகக் குமாரசுவாமி பிற்காலத்திலும் பேசி வந்தார். பெயர் போடாதிருப்பதற்கும் பெயர் போட விடாதிருப்பதற்கும் வேறுபாடு உண்டல்லவா? இந்த இடத்தில் நூலின் பிறப்பையும் நினைவுகூர வேண்டும். இங்கிலாந்தின் புரோட் கெம்டன் என்னும் சிற்றூரில், வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அதே கையச்சு இயந்திரத்தில், 1907-லும் 1908-லுமாகப் பல மாதங்கள் உழைத்து 425 பிரதிகள் மட்டும் அச்சிடப்பட்ட நூல் அது. கைத்தொழிலைப் போற்றிய மொறிஸிடமிருந்து குமாரசுவாமி அச்சு இயந்திரத்தையும் அழகுணர்ச்சியையும் பெற்றுக்கொண்டார். 1884-ல் சோசலிஸ்ட் லீக்கை நிறுவியவர்களுள் ஒருவராகித் தெருமுனைகளில் தொழிலாளரிடையே பேசிய மொறிஸை இலண்டனிலேயே விட்டுவிட்டார். கைவினையைக் காக்க வேண்டுமாயின் கைவினைஞன் விடுதலை பெறவேண்டும் என்பது மொறிஸ் வந்தடைந்த முடிவு. குமாரசுவாமியின் நூலில் கைவினை இருக்கிறது, கைவினைஞனும் இருக்கிறான். விடுதலை என்னும் பேச்சுக்கு மட்டும் இடமில்லை.

இனிப் புளிக்கும் சாம்பலுக்கும் வருவோம். பித்தளை என்பது செம்பும் நாகமும் சேர்ந்த கலவை. வெண்கலத்தில் நாகத்திற்குப் பதிலாக வெள்ளீயம். இரண்டையும் 'பித்தளைச் சிலை' என்றே பேச்சில் சொல்லிவிடுகிறோம். காற்றும் ஈரமும் கந்தகப் புகையும் பட்டுப் பட்டு மேற்பரப்பில் ஒரு மெல்லிய கரும்படலம் உண்டாகிறது. அது அழுக்கன்று, உள்ளிருக்கும் உலோகத்திற்கு அதுவே தோல். புளியிலுள்ள அமிலம் இத்தோலைக் கரைத்துவிடும். நெடுநேரம் ஊறினால் பித்தளையிலுள்ள நாகமும் கரைந்துபோய், செம்பு மட்டும் இளஞ்சிவப்பாக மேலே தெரியும். நண்பரின் படிமத்தில் முழங்காலருகே அத்தகைய சிவப்பைக் கண்டோம். சாம்பலும் செங்கற்பொடியும் அரம்போன்று இராவிவிடும். தகரக் குப்பிகளில் விற்கப்படும் மெருகுத் திரவங்களிலும் நுண்ணிய அராவுபொருள்கள் உண்டு. புதுப்பித்த தோலற்ற உலோகம் முன்னிலும் விரைவாகக் கறுக்கும். மறுபடி தேய்க்கத் தோன்றும். ஒவ்வொரு தேய்ப்பிலும் முகத்தின் ஒரு மெல்லிய ஏடு போகிறது. உயர்ந்து நிற்கும் மூக்கும், ஆழமில்லாத கீறல்களாகிய கண்களும் முதலில் போகின்றன. பட்டறையில் இறுதியாக வந்தவை வீட்டில் முதலாகப் போய்விடுகின்றன.

களிம்பு என்றதும் சைவம் படித்த நமது மனத்தில் வேறோர் எண்ணம் எழுகிறது. செம்பிற் களிம்புபோல உயிரோடு உடன்பிறந்தது ஆணவமலம் என்பது சித்தாந்தத்தின் பழைய உவமை. களிம்பைக் கண்டால் அதனை அகற்றியே தீரவேண்டும் என்ற பதற்றம் அவ்வழியே நமது பிள்ளைகளின் கைகளுக்கும் வந்திருக்கலாம். ஆனால் உலோகத்தில் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. அசையாது ஒட்டியிருக்கும் கரும்படலம் காவல். வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து, தட்டினால் உதிர்ந்து, மீண்டும் பூப்பது நோய். உப்பும் ஈரமும் உலோகத்திற்குள் புகுந்து உள்ளேயே தின்றுகொண்டிருப்பதன் அடையாளம் அது. அதனைத் தேய்ப்பதாற் பயனில்லை; படிமத்தை உலர்ந்த இடத்தில் தனியே வைத்து அறிந்தவரிடம் காட்ட வேண்டும். தும்பறை மலையின் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் எமது ஊரில் இது ஒரு மெய்யான தொல்லை. மற்றப்படி, மென்மையான உலர்ந்த துணியும், மடிப்புகளுக்கு மயிர்த்தூரிகையும் போதும். பூவின் ஈரம் பீடத்தில் தங்கவிடாதீர்கள். எண்ணெய் விளக்கைச் சற்று எட்ட வையுங்கள். தேங்காயெண்ணெய் தெறித்த இடத்திலும் பச்சை ஏறும். வியர்த்த கையால் தூக்கினால் துடைத்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பின்னரும் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. நூதனசாலையின் நியாயம் வேறு, வீட்டின் நியாயம் வேறு. தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு வணங்கித் தேய்ந்த பாதமும் ஒரு வரலாறுதான். அதனைச் சேதம் என்று சொல்ல நமக்கு மனமில்லை. மறுபுறத்தில், புதுப் பித்தளைக்கு அமிலம் பூசிப் பழமைநிறம் ஏற்றி விற்கும் வித்தையும் உலகெங்கும் நடக்கிறது. துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பல இன்று உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன; கூடத்து மூலையில் அலங்காரமாக ஒரு பித்தளைப் புத்தர் வைக்கப்பட்டிருக்கக் காணலாம். பழையதாய்த் தோன்றவேண்டியது கறுப்பாகவும், புதியதாய்த் தோன்றவேண்டியது மினுக்கமாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் செய்துவைப்பவர் லயத்திலிருந்து காலையில் ஏறிவந்து மாலையில் இறங்கிப்போகும் ஒரு பெண். அன்று துரையின் சாப்பாட்டு மணியைத் துலக்கிய கையே இன்று புத்தரையும் துலக்குகிறது. குமாரசுவாமி வார்த்தவனைப் பற்றி எழுதினார். விளக்கியவளைப் பற்றி எவரும் எழுதவில்லை.

அந்த மாணவி நம்மிடம் கேட்டது வேறு. "நம்ம ஆளுங்களும் இத செஞ்சிருக்காங்களா, சேர்?" கேள்வி எளியது, பதில் எளியதன்று. பாடத்திட்டத்திலுள்ள மணிமேகலையைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளலாம். உ. வே. சாமிநாதையர் அக்காப்பியத்தைப் பதிப்பித்த அதே 1898-ஆம் ஆண்டில், அயோத்திதாசர் கொழும்புக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார் என்பதையும் சொல்லலாம். ஆனால் அவள் கேட்டது நூலைப் பற்றியன்று, உலோகத்தைப் பற்றி. ஆகவே நாகப்பட்டினத்தைப் பற்றிச் சொன்னோம்.

ஸ்ரீவிஜய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் 1006-ல் ஆனைமங்கலம் என்னும் ஊரையே பள்ளிச்சந்தமாக அளித்தான். அந்நகரில் பௌத்தம் பின்னும் சில நூற்றாண்டுகள் நிலைத்தது. எஞ்சிநின்ற செங்கற் கோபுரத்தை 1867-ல் இயேசுசபைப் பாதிரிமார் இடித்துவிட்டனர். ஆனால் 1856 தொடங்கி 1930-கள் வரை மண்ணுக்குள்ளிருந்து ஏறத்தாழ 350 உலோகப் படிமங்கள் வெளிவந்தன. பெரும்பகுதி சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவற்றின் தலையுச்சியிலும் அதே தீச்சுடர். கால்மேல் கால் வைத்து அமர்ந்த அதே வீராசனம். கடலின் இருகரையிலும் பட்டறைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? யார் எப்போது அவற்றைப் புதைத்தார்கள் என்பதைப் படிமங்கள் சொல்லவில்லை. ஆனால் மண்ணுக்குள் இருந்தவை தப்பின. வெளியே இருந்தவை உலைக்களம் போயின. நாகையின் பொற்புத்தரைத் திருமங்கையாழ்வார் கவர்ந்து வந்து, உருக்கித் திருவரங்கத் திருப்பணிக்கு ஆக்கினார் என்று வைணவ குருபரம்பரை பெருமையோடு கூறுகிறதே! கண் திறந்ததால் தெய்வமான உலோகம், இன்னொரு தெய்வத்தின் மதிலுக்காக மீண்டும் உலோகமாகிவிட்டது. அக்கதை உண்மையோ அன்றோ, அதனைச் சொல்லி மகிழ்ந்தவர்கள் நம்மவர்களே.

நாகைப் படிமங்களுள் ஒன்று இன்று நியூ யோர்க்கில் ஏசியா சொசைட்டியின் சேகரிப்பில் உள்ளது. அதன் பீடத்தில் தமிழெழுத்துகள். அவை இராசேந்திர சோழப் பெரும்பள்ளியைச் சார்ந்த 'அக்கசாலைப் பெரும்பள்ளி' என்னும் பெயரைத் தாங்கியிருக்கின்றன. அக்கசாலை என்பது பொன்வேலை செய்வோரின் பணிக்கூடம். ஆக, உலோகக் கம்மியரின் பெயரால் விளங்கிய பௌத்தப் பள்ளியொன்று தமிழ்நாட்டில் இருந்திருக்கிறது! கண்டியில் கண் திறந்தவன் கண்கட்டோடு வெளியேற்றப்பட்டான். நாகையில் கம்மியரின் கூடமே பள்ளியின் பெயராயிற்று. சோழர் சமுதாயத்தில் சாதியில்லை என்று இதனால் நிறுவிவிட முடியாது. கம்மாளருக்குச் சில உரிமைகளைப் புதிதாக வழங்கும் கல்வெட்டுகளே, அவை அதுவரை மறுக்கப்பட்டிருந்தன என்பதற்குச் சான்று. எனினும், பீடத்தில் கம்மியனுக்கு இடமிருக்க முடியும் என்பதற்கு அந்த ஒரு படிமம் போதும். குமாரசுவாமியின் வாதத்திற்கு நாம் தேடிய மறுப்பு தத்துவ நூலில் கிடைக்கவில்லை. ஒரு சிலையின் காலடியில் கிடைத்தது.

இங்கு ஓர் அபாயமும் உண்டு. நாகப்பட்டினத்தைக் கேட்டதும் மாணவர் சிலருடைய முகத்தில் 'அப்படியானால் புத்தர் எங்களுடையவர்' என்ற வெற்றிக்களிப்பு படர்ந்ததைக் கண்டோம். அவர்களைக் குறைகூற முடியாது. 1977-லும் 1983-லும் மலையகத்தில் எரிந்த லயங்களின் கதையைப் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஓரிரவில் ஒரு சந்தியில் புத்தர் சிலை எழும்பினால், அதனை அமைதியின் உருவமாகவன்றி, நிலத்திற்கு நாட்டிய எல்லைக்கல்லாகவே அஞ்சிப் பார்க்கும் மக்களிடையே வாழ்பவர்கள். ஆனால் எல்லைக்கல்லுக்கு எதிராக இன்னோர் எல்லைக்கல்லை நாட்டுவதற்கு நாகைப் படிமங்கள் உதவுமாயின், அவை மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கலாம். மயிலை சீனி. வேங்கடசாமி 1940-ல் 'பௌத்தமும் தமிழும்' எழுதியது மறந்துபோன ஒரு வாழ்வை நினைவூட்டுவதற்கு; உரிமைப்பத்திரம் எழுதுவதற்கன்று. படிமத்தை உத்தேசிகம், ஞாபகக்குறி என்று வகுத்தவர்களை நாம் இங்கே முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். அது எதை ஞாபகப்படுத்த வேண்டும் என்ற பட்டியலில் சில பெயர்களைச் சேர்க்கச் சொல்கிறோம், அவ்வளவே.

பந்தல் பிரிக்கப்பட்ட மறுவாரம், படிமத்தைத் திருப்பிக் கொடுக்க அந்த மாணவியையும் அழைத்துக்கொண்டு நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய தாயார் முதியவர். படிமத்தை இரு கைகளாலும் வாங்கி, பழைய தட்டில் வைத்துவிட்டு, பத்து வருஷம் போனால் தானாகக் கறுத்துவிடும் என்று சிங்களத்தில் சொன்னார். கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பிள்ளையின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். புளியும் சாம்பலும் அரித்து நகக்கண்களில் வெடிப்புகள் இன்னும் ஆறாமலிருந்தன. உள்ளே சென்று சிறிது தேங்காயெண்ணெய் எடுத்துவந்து அவற்றில் தடவினார். "இது பரவாயில்ல, ஆச்சி, அம்மாவோட கை இன்னும் மோசம்" என்றாள் அவள், நம்மைவிடச் சரளமான சிங்களத்தில். கண்களை மறுபடி கீறுவிப்பதா, வேண்டாமா என்று அவ்வீட்டில் இதுவரை முடிவாகவில்லை.